பாலைக் குத்தியில் பல்லிளிக்கும் வாள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரம் தறிக்கிற மெசின் வாளைப் பற்றியவை. புரட்டாதி பிறந்துவிட்டால் திருகோணமலையில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் கூரைக்கு மேல் சாய்ந்த கொப்பை அண்ணாந்து பார்ப்போம். வாடைக்கு முன்னம் வெட்டவேண்டும், ஆள் கிடைக்காது, ஆள் கிடைத்த அன்றைக்கு வாள் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே தண்ணீர்ப் பம்ப், ஜெனரேற்றர் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் மூன்று வருடமாக மரம் தறிக்கிற வேலை செய்கிறேன். முதல் வருடம் வாடகை வாள். பிறகு விலை குறைவாக இரண்டு வாள் வாங்கினேன், இரண்டும் ஒரு வருடம் தாண்டவில்லை. ஒன்று குத்தி அரிந்துகொண்டு நிற்கும்போதே சூடாகி நின்றது, இப்போது கயிற்றை இழுத்தால் பாரமே இல்லாமல் சும்மா வருகிறது. மற்றதில் செயின் ஓடுகிற நீட்டுத் தகடான பாரைப் பூட்டுகிற ஆணி உடம்போடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எனக்குப் பெரும்பாலும் வீட்டு வளவில் கொப்பு வெட்டுகிற வேலை, தென்னை, வேம்பு, சில நாளில் தேக்கு, எப்போதாவது பாலை. நீடித்து உழைக்கிற வாள் என்றால் எந்த பிராண்ட்? — ஒரு வாசகர், தம்பலகாமம்

பதில்: தம்பி, பிராண்டைக் கேட்கிறீர்கள். நான் செத்த வாள்களைக் கேட்பேன். நீங்களே நன்றாக எழுதியிருக்கிறீர்கள். முதலாவதில் பிஸ்டனும் சிலிண்டரும் உரசிக் கொம்பிரஷன் போய்விட்டது. இரண்டாவது வாளின் உடம்பே பிளாஸ்டிக், அதில் நட்டிருந்த ஆணி பிடுங்கிக்கொண்டு வந்ததில் அதிசயம் இல்லை.

ஒரே கம்பெனிதான் வீட்டுக்கு ஒரு வாள், தோட்டத்துக்கு ஒரு வாள், தொழிலுக்கு ஒரு வாள் என்று செய்கிறது. நிறமும் ஒன்று, பெயரும் ஒன்று, கடை அலுமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விலையில் மட்டும் பெரிய பள்ளம் இருக்கும். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 31.8 சிசி, நாலு கிலோ அளவில் பாரம், முருங்கையும் வேலிக் கிளுவையும் வெட்டுகிற வீட்டுக்காரருக்கு அருமையான சாமான். அதையே நீங்கள் கொண்டுபோய்த் தினமும் ஆறு மணித்தியாலம் தேக்கில் வைத்து அழுத்தினால் அது சாகத்தான் செய்யும், அதில் செய்தவனுடைய பிழை ஒன்றும் இல்லை.

தொழில் வாளை எப்படி அடையாளம் காண்பது? கடையில் வாளைக் கையில் வாங்கியதும் பார் மூடியின் இரண்டு நட்டையும் கழற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை, காசு உங்களுடையது. மூடியை எடுத்ததும் பாரைப் பிடிக்கிற இரண்டு ஆணியும் எதில் நட்டிருக்கிறது என்று பாருங்கள். சுரண்டிப் பார்த்தால் உலோகம், அதுவும் வெள்ளி மாதிரி லேசான மக்னீசியம் என்றால் அது தொழில் வாளின் எலும்பு. கிராங்க் சுற்றுகிற பெட்டி இரண்டு மக்னீசியப் பாதியாக வார்த்து நடுவில் பூட்டியிருக்கும், சிலிண்டர் தனியாக மேலே உட்கார்ந்திருக்கும், பிஸ்டன் போனால் நாலு ஸ்குரூ கழற்றி மாற்றிப்போடலாம். மற்றத் தரத்து வாள்களில் எஞ்சினைக் கிண்ணத்தை மூடின மாதிரி பூட்டிப் பிளாஸ்டிக் உடம்புக்குள் இறக்கியிருப்பார்கள். அதையும் திருத்தலாம்தான், ஆனால் முழுசாகப் பிரித்துப் பிஸ்டன் போட்டுத் திரும்பப் பூட்டுகிற கூலிக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று வேர்க்‌ஷொப்காரரே சொல்லுவார்.

உங்கள் கடிதத்தின்படி பத்து வேலையில் எட்டு கொப்பு, தென்னை, வேம்பு. அதற்கு 50 சிசி தொழில் வாள் போதும். ஸ்டில் எம்எஸ் 261 என்றால் 50.2 சிசி, 3 கிலோவாட், ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மற்றப் பெரிய கம்பெனியான ஹஸ்க்வர்ணாவில் அதே இடத்தில் 550 எக்ஸ்பி இருக்கிறது. இரண்டில் எது என்று சண்டை பிடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், எம்ஜிஆர் சிவாஜி சண்டை மாதிரி, முடிவே வராது. உங்கள் ஊரில் இருந்து அரை நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் எதற்கு ஸ்பெயார் பார்ட்ஸ் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். கடையில் வாளின் விலையைக் கேட்கமுதல் பிஸ்டன் செட், ஒயில் பம்ப், கிளச் டிரம், கார்பரேட்டர் கிட் இந்த நாலும் இப்போது கைவசம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கொழும்பில் இருந்து எடுப்பித்துத் தருகிறேன் என்று சொன்னால் எத்தனை நாள் என்று கேளுங்கள். வாடைக் காலத்தில் அந்த நாட்கள்தான் உங்கள் சம்பாத்தியம்.

இன்னொன்று. புதிய தொழில் வாள்கள் சிலவற்றில் காற்றையும் பெற்றோலையும் கம்பியூட்டர் தானே சரி பார்க்கும், ஸ்டில்காரர் எம்-ட்ரோனிக் என்பார், ஹஸ்க்வர்ணாகாரர் ஒட்டோட்யூன் என்பார். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் பழுது வந்தால் அதைப் படிக்கிற கருவி உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சின்ன ஸ்குரூ டிரைவரால் திருகிச் சரி செய்கிற பழைய கார்பரேட்டர் உள்ள மாதிரி கிடைத்தால், கிராமத்தில் வேலை செய்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். இது என் அபிப்பிராயம், நகரத்து ஏஜென்ட் வேறு மாதிரிச் சொல்லுவார்.

பாலை எப்போதாவதுதான் வருகிறது என்கிறீர்கள். பாலைக் குத்தியைத் தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு அடர்த்தி. அதற்கு 70 சிசி வேண்டும், எம்எஸ் 381 போல, 72.2 சிசி, 3.9 கிலோவாட், பாரம் பார் இல்லாமலே ஆறரைக் கிலோவுக்கு மேல். அதை இப்போதே வாங்கவேண்டாம். அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள், அப்படியான வேலை மாதத்தில் நாலைந்து வரத் தொடங்கினால் அப்போது யோசிக்கலாம். பெரிய வாளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கொப்பு வெட்டுகிறவருடைய முதுகும் ஒரு ஸ்பெயார் பார்ட்தான், ஆனால் அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

பார் நீளத்தில் ஏமாறாதீர்கள். நம் பையன்களுக்கு நீட்டுப் பார் என்றால் ஒரு பெருமை, மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய சைலன்சர் பூட்டின மாதிரி. 50 சிசிக்கு 16 அல்லது 18 அங்குலம், 70 சிசிக்கு 20 முதல் 25. அதற்கு மேல் போட்டால் எஞ்சின் திணறும், செயினுக்கு ஒயில் நுனி மட்டும் போகாது, பாரும் கருகும். 18 அங்குலப் பாரால் இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டினால் 30 அங்குல மரத்தையும் விழுத்தலாம், வெட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பலகை அரிவதற்கு 070 வாள் ஒன்று பெட்டி உடைக்காமல் மிக மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கூடவே பழைய 381 ஒன்றும் கையில் இருக்கிறதாம். எதை எடுக்கலாம், காக்கா? — ஒரு வாசகர், மூதூர்

பதில்: வஅலைக்கும் அஸ்ஸலாம் தம்பி. ஸ்டில் 070 என்பது பெரிய பெயர். 1960களின் இறுதியில் வந்த வடிவம், 105.7 சிசி, பத்துக் கிலோவுக்கு மேல் பாரம், மெதுவாகச் சுற்றும், ஆனால் மாடு மாதிரி இழுக்கும். ஆசியா முழுக்கக் காட்டுக்குள் குத்தியைக் கிடத்திப் பலகை அரிந்தது இந்த வாள்தான். அந்தப் பெயருக்காகவே உலகத்தில் அதிகம் போலி செய்யப்படுகிற வாள்களில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. உண்மையான 070 மலிவாகக் கிடைக்காது. மலிவு என்று உங்கள் கடிதத்தில் எழுதியபோதே பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நானும் ஒருமுறை அந்தக் குழியில் விழுந்தவன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாங்கி மூன்றாம் நாள், தேக்குக் குத்தி, இரண்டாவது டாங்க் பெற்றோல் முடியவில்லை, 'கடக்' என்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங் துண்டு துண்டாக உடைந்து சிலிண்டர் சுவரை உழுதுவிட்டிருக்கிறது. உள்சுவரில் பூசியிருந்த பூச்சு, முட்டை ஓட்டின் உள்தோல் மாதிரி உரிந்து வந்தது. விற்றவருடைய போன் அதற்கு முன்னமே நின்றுவிட்டது.

ஆகவே பெட்டியைப் பார்க்கவேண்டாம், வார்ப்பைப் பாருங்கள். உண்மையானதில் உலோக விளிம்புகள் விரலில் வழுவழுப்பாக இருக்கும், போலியில் அச்சு சேர்ந்த கோடு பிசிறாக நிற்கும், விரலைக் கீறும். தொடர் இலக்கம் உடம்பிலேயே குத்தியிருக்க வேண்டும், ஒட்டுத்தாளில் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். எழுத்துக்கூட்டலையும் பாருங்கள், சிரிக்காதீர்கள், கம்பெனியின் சொந்தப் பெயரையே பிழையாக அடித்த வாளை நான் கையில் பிடித்திருக்கிறேன். இன்னொரு விஷயம், 070, வாள் எகிறினால் செயினை உடனே நிறுத்துகிற செயின் பிரேக் வராத காலத்து வடிவம். உண்மையானதாகவே இருந்தாலும், புதிதாகத் தொழிலுக்கு வருகிற ஒருவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பழைய 381ஐ மாத்திரம் போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணமுதல், சுவிட்சை நிறுத்தின நிலையில் வைத்து, கயிற்றுப் பிடியில் வாளை மெதுவாகத் தொங்கவிடுங்கள். நல்ல கொம்பிரஷன் உள்ள வாள் படியில் இறங்குகிற கிழவர் மாதிரி நின்று நின்று இறங்கும். வாளி கிணற்றுக்குள் போன மாதிரி நிற்காமல் விழுந்தால் எஞ்சின் தேய்ந்தது. பிறகு சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள், இரண்டு மூன்று ஸ்குரூதான். அந்த ஓட்டைக்குள் போன் டோர்ச்சை அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறம் என்றால் சரி, மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் சலாம் சொல்லிவிட்டு வாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடமும் அதே சலாம்தான்.

கடைசியாக, பதிவு. இலங்கையில் மரம் வெட்டுகிற மெசின் வாள் பதிந்து வைத்திருக்கவேண்டிய சாமான். பழைய வாள் வாங்குகிறபோது பதிவுக் கடிதம் யார் பெயரில், அதை உங்கள் பெயருக்கு எப்படி மாற்றுவது என்று பிரதேச செயலகத்திலோ பொலிசிலோ முதலே விசாரித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பலகை ஏற்றுகிறபோது வழியில் மறிக்கிறவர்கள் குத்திக்கு மட்டுமல்ல, வாளுக்கும் கடிதம் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் வளவில் பனையும் தென்னையும்தான். வாள் நல்ல வாள்தான், ஆனால் செயின் பத்து நிமிடத்தில் மழுங்கிவிடுகிறது. மூன்று செயின் மாற்றியாயிற்று. செயின் போலியா? — ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: அக்கா, செயின் நல்லதாகவே இருக்கலாம், நிலாவெளி மணலைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கடற்கரை வளவில் மரத்தின் அடி மூன்று அடி உயரம் வரைக்கும் காற்று மணலை வாரி அடித்துப் பட்டை வெடிப்புக்குள் ஏற்றிவைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதில் செயின் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பல்லின் முனை போய்விடும். வெட்டுகிறவரை முதலில் ஒரு கத்தியால் வெட்டுகிற இடத்தைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. முடிந்தால் நிலத்தில் இருந்து கொஞ்சம் மேலே வெட்டட்டும். விழுந்த மரத்தைத் துண்டு போடுகிறபோது கீழே ஒரு கட்டை கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கடைசி அங்குலத்தில் செயின் மணலுக்குள் போய் வரும். உங்கள் மூன்று செயினும் அந்தக் கடைசி அங்குலத்தில்தான் போயிருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பனையின் கதை வேறு. வேம்பு, தேக்கு எல்லாம் நடுவில் வைரம். பனையும் தென்னையும் அதற்கு நேர் எதிர், வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு. வெளியில் இருக்கிற அந்தக் கறுப்புத் தும்பு கம்பி மாதிரி. அதோடு நார் இழுபட்டு செயினுக்கும் அதை இழுக்கிற பல்சக்கரமான ஸ்பிரொக்கெட்டுக்கும் இடையில் சுற்றிக்கொள்ளும், அடிக்கடி மூடியைக் கழற்றித் துப்புரவு செய்யவேண்டும். பல்லின் மூலை சதுரமாகக் கூர்ந்த செயின் சுத்தமான மரத்தில் வேகம், மணலிலும் தும்பிலும் உடனே சாகும். மூலை உருண்ட பல்லுள்ள செயின் கொஞ்சம் மெதுவாக வெட்டும், ஆனால் தாக்குப்பிடிக்கும். உங்கள் வளவுக்கு உருண்ட பல்லைத்தான் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மூன்று செயினையும் மாற்றினீர்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மழுங்கின செயினுக்கு அரம் போட்டால் போதும். செயினின் கண்ணி அளவு 3/8 அங்குலம் என்றால் 5.2 மில்லிமீற்றர் உருண்டை அரம், சில கம்பெனிச் செயினுக்கு 5.5, .325 என்றால் 4.8. பிழையான அளவில் அரம் போட்டால் பல் கூராகத் தெரியும், வெட்டாது. பாரை அசையாமல் பிடித்து, பல்லின் மேல்தகட்டில் எழுதியிருக்கிற சாய்வுக் கோட்டோடு, பெரும்பாலும் 30 பாகை, உள்ளே இருந்து வெளியே தள்ளவேண்டும், திரும்ப இழுக்கக்கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை, மூன்று தள்ளு என்றால் மூன்று. இடப்பக்கத்துப் பல்லுக்கு மூன்றும் வலப்பக்கத்துக்கு ஐந்தும் போட்டால் வாள் வாழைக்காய் மாதிரி வளைந்து வெட்டும். பல்லுக்கு முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கிறதே, அது பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று சொல்வது. பல்லை விட 0.65 மில்லிமீற்றர் பதிவாக இருக்கவேண்டும். அரம் போடப் போடப் பல் தேயும், திமில் அப்படியே நிற்கும், அப்போது பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. நாலைந்து முறைக்கு ஒருமுறை தட்டை அரத்தால் திமிலையும் இறக்கவேண்டும், அளவுத் தகடு வைத்து. கண் மதிப்பில் இறக்கினால் வாள் வெறி பிடித்த மாதிரி குதிக்கும்.

கூரா மழுங்கலா என்று எப்படித் தெரியும்? தூளைக் கையில் எடுங்கள். தேங்காய்ப்பூ மாதிரி சீவல் சீவலாக வந்தால் கூர். கோதுமை மா மாதிரி பொடியாக வந்தால் நிறுத்துங்கள். மழுங்கின செயின் வெட்டுகிறவரை அழுத்தவைக்கும், அழுத்தினால் எஞ்சின் சூடாகும், மா போய்ச் சிலிண்டரைக் குளிரவைக்கிற செட்டைகளை அடைக்கும், இன்னும் சூடாகும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கம் கரை ஏறியதே, அடுத்த நாள் காலையில் வீதியில் விழுந்த மரங்களை வெட்டப் போன ஒருவர் மாப் பொடியில் நனைந்துகொண்டு, வாளின் மேல் ஏறி நிற்காத குறையாக அழுத்திக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அரம் வீட்டில் இருந்ததாம்.

இதோடு தொடர்பில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். பெண் பனை, பலா, ஈரப்பலா இவற்றைத் தறிக்க அனுமதி எடுக்கவேண்டும், உங்கள் சொந்த வளவில் நின்றாலும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். முதலில் கிராம சேவகரைக் காணுங்கள்.

கேள்வி: பெற்றோலுக்கு எவ்வளவு ஒயில் கலப்பது? ஒயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்று கடையில் சொல்கிறார்கள். செயினுக்குக் கராஜில் கழிக்கிற பழைய எஞ்சின் ஒயில் ஊற்றலாமா? — ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: நல்ல இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் என்றால் 50க்கு 1. ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். தரம் நிச்சயம் இல்லாத சாதாரண இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் என்றால் 25க்கு 1, அதாவது 200 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் அளக்காதீர்கள், மருந்து குடிக்கிற அளவுக் கிண்ணம் ஒன்று போதும். ஒயில் கூடினால் கரி கட்டும், பிளக் நனையும், புகை வரும். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற நாலு ஸ்ட்ரோக் ஒயிலை மட்டும் மறந்தும் கலக்கவேண்டாம். கலந்ததை ஒரு மாதத்துக்குள் முடியுங்கள், போன வாடைக்குக் கலந்து மூலையில் வைத்ததை இந்த வாடைக்கு ஊற்றிவிட்டு வாளைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கழிவு ஒயில் வேண்டாம். அதற்குள் உலோகத் துகள் இருக்கிறது, ஒயில் பம்பையும் பாரையும் தின்னும். அது செயினில் இருந்து தெறித்து உங்கள் கையிலும் முகத்திலும் தோய்கிறது, அதில் புற்றுநோய் தரக்கூடிய சாமான் இருக்கிறது, மீதி கிணற்றடி மண்ணுக்குள் போகிறது. செயின் ஒயில் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பாவிக்காத புது எஞ்சின் ஒயில் எவ்வளவோ மேல். ஒரு டாங்க் பெற்றோல் முடிகிறபோது செயின் ஒயில் டாங்கும் கிட்டத்தட்ட முடிந்திருக்கவேண்டும். அது நிறைந்தபடியே இருந்தால் எங்கோ அடைப்பு. பார் நுனியைக் காய்ந்த சிமெந்துத் தரைக்கு மேல், தொடாமல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து எஞ்சினைக் கூட்டுங்கள், தரையில் ஒயில் கோடு விழவேண்டும்.

கேள்வி: விடுதித் தோட்டத்துக்கு பற்றரி வாள் சரிவருமா? சத்தம் இருந்தால் விருந்தினர் முறைப்பாடு சொல்கிறார்கள். — உப்புவெளி

பதில்: மணிக்கட்டுத் தடிப்பான கொப்புகளுக்கு, தாராளமாக. இரண்டு பற்றரி வைத்திருங்கள், வெயிலில் சூடான பற்றரியை உடனே சார்ஜரில் போடவேண்டாம். கடலுக்குப் பக்கம் என்பதால் வேலை முடிந்ததும் உப்பு ஈரத்தைத் துடைத்து ஒயில் சீலையால் ஒருமுறை தடவுங்கள், இது பெற்றோல் வாளுக்கும்தான், மக்னீசியம் பெயின்ற் போன இடத்தில் உப்புப்பட்டால் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். சத்தம் குறைவு என்று கவனத்தைக் குறைக்கவேண்டாம், செயின் அதே செயின்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மரத்தில் ஏறி ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளைப் பிடித்து வெட்டுகிறார். காலில் செருப்பு, தலையில் துவாய். இரவில் விரல் விறைக்கிறது என்கிறார், விரல் வெள்ளையாகிறது. மேலே பிடி உள்ள சின்ன வாள் வாங்கப்போகிறாராம், அது பாதுகாப்பு என்று யாரோ சொன்னார்களாம். இப்போது மகனும் கூடப் போகத் தொடங்கிவிட்டான். — பெயர் வேண்டாம், குச்சவெளி

பதில்: தங்கச்சி, இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மேலே பிடி உள்ள வாள், ஸ்டில் எம்எஸ் 201 டி, ஹஸ்க்வர்ணா டி540 போன்றவை, மரத்தில் கயிற்றுப் பட்டியோடு கட்டிக்கொண்டு நிற்கிற, பழகின ஆளுக்காகச் செய்தது. பாரம் நாலு கிலோவுக்குள், அதனால் ஒரு கையால் தூக்கலாம் போல இருக்கும், அந்த ஆசைதான் ஆபத்து. பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது தட்டினால் வாள் பின்னால் எகிறும், கண் இமைக்கிற நேரம்கூட இல்லை, நேரே முகத்துக்கும் கழுத்துக்கும். இரண்டு கையாலும் பிடித்திருந்தால் முன்கை செயின் பிரேக்கைத் தள்ளும், செயின் நிற்கும். ஒரு கையால் பிடித்தவருக்கு பிரேக்கைத் தள்ள அந்த முன்கையே அங்கு இல்லை. பிடி எங்கே இருந்தாலும் இதுதான் கணக்கு. நிலத்தில் நின்று வெட்ட அந்த வாளைப் பாவிக்கவே கூடாது.

ஆகவே புது வாள் வாங்க வைத்திருக்கிற காசில் முதலில் ஏறுகிற பட்டியும் கயிறும், முகவலையும் காதுமூடியும் சேர்ந்த ஹெல்மெற், சப்பாத்து. பிறகு காலுக்குக் கட்டுகிற வெட்டுத் தடுப்பு உறை. அதற்குள் நீள நீளமான நார் அடுக்கியிருக்கும், செயின் பட்டால் நார் இழுபட்டு ஸ்பிரொக்கெட்டில் சுற்றி வாளை நிறுத்திவிடும். வெக்கை என்பார், முன்பக்கம் மட்டும் மூடுகிற உறை இருக்கிறது, அதைக் கட்டச் சொல்லுங்கள். மிச்சக் காசு இருந்தால் வாள்.

விரல் வெள்ளையாவதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். அது வாளின் அதிர்வு விரலின் இரத்தக் குழாயையும் நரம்பையும் தாக்குவதால் வருவது, முற்றினால் திரும்பாது. ஆஸ்பத்திரியில் காட்டும்போது மெசின் வாள் வேலை என்று தானாகவே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் குளிர் என்று நினைத்து அனுப்பிவிடுவார்கள். வாளின் கைப்பிடிக்கும் உடம்புக்கும் இடையில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் நாலைந்து இருக்கும். பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொட லொட என்று உடம்பில் முட்டினால் ரப்பர் போய்விட்டது. வாளின் விலையோடு பார்த்தால் அது சின்னக் காசு, மாற்றினால் வித்தியாசம் அன்றைக்கே கையில் தெரியும். மழுங்கின செயினும் அதிர்வைக் கூட்டும்.

மகனுக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. 18 ஆகவில்லை என்றால் கீழே நின்று கொப்பு இழுக்கிற வேலையும் வேண்டாம், விழுகிற கொப்புக்கு யார் மகன் என்று தெரியாது. ஆகிவிட்டது என்றால் முதல் ஆறு மாதம் அவன் கையில் அரத்தைக் கொடுங்கள்.